சுரேகா வீட்டு வழியாகப் போகும் புகை

1

போன வாரம் ஊரிலிருந்து என் தங்கை செல்வி வீடியோ காலில் கூப்பிட்டாள். நான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் விறகு எரிவது அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏக்கா, நீ இன்னுமா விறகு வச்சு எரிக்க? இங்க நம்ம தெருவுல ஒரு வீட்டுலயும் கெடையாது. எல்லார் வீட்டுக்கும் கேஸ் வந்தாச்சு. பம்பாய்க்குப் போன நீ அடுப்பூதுத, ஊருல கெடக்க நாங்க லைட்டர தட்டிச் சமைக்கோம்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குள் இட்லிக் கொப்பரை கொதித்துவிட்டதால் போனை வைத்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது மனதிலேயே நின்றது. பம்பாய் என்றால் ஊரில் பலருக்கும் லிப்ட்டும் கண்ணாடிக் கட்டடமும்தான். அங்கே ஒருத்தி விறகு பிளந்துகொண்டிருக்கிறாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். அதனால்தான் எழுதுகிறேன். இந்த அடுப்பு எப்படி வந்தது, எங்களை எப்படிக் கொல்லப் பார்த்தது, இன்றைக்கு எப்படி ஒழுங்காக எரிகிறது என்பதையெல்லாம்.

நாங்கள் இருப்பது மாட்டுங்கா லேபர் கேம்பில். கீழே ஒரு அறை எங்களுக்கு. அதன் மேலே ஒரு அறை சுரேகாவுக்கு. சுரேகா மராட்டிக்காரி, என் வயதுதான். சந்தில் சாய்ந்து நிற்கும் இரும்பு ஏணியில் ஏறினால் அவள் வாசல். என் வீட்டுக் கூரைதான் அவள் வீட்டுத் தரை. இரண்டுக்கும் நடுவில் பலகையும் கொஞ்சம் சிமெண்டும். அவள் பாத்திரம் உருட்டினால் எனக்குக் கேட்கும். நான் கடுகு தாளித்தால் அவள் தும்முவாள்.

என் வீட்டுக்காரர் அந்தோணி தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு நான் விடியுமுன் இட்லி அவிக்க, அவர் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுவரத் தொடங்கினார். கடைகளுக்குக் கொடுக்கும் சிலிண்டர் வாங்கப் போனால், கடை லைசென்ஸ் எங்கே என்று கேட்டார்கள். என் வீடு கடை இல்லை. வீட்டுச் சிலிண்டரில் வியாபாரம் செய்யக்கூடாது. நான் செய்வது வியாபாரம். இப்படி வீட்டிலும் சேராமல் கடையிலும் சேராமல் நடுவில் நின்ற எங்களுக்கு மிஞ்சியது விறகு.

2

சுரேகாவுக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டதே நெருப்புச் சாமானால்தான்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு இந்தியில் 'பானி', 'நஹி' தவிர ஒன்றும் தெரியாது. அப்போதெல்லாம் இந்தச் சந்தில் கரியடுப்புதான். ஒருநாள் சுரேகா ஏணியிலிருந்து இறங்கிவந்து, "கோய்லா லானே ஜா ரஹீ ஹூம், சல்தீ ஹை க்யா?" என்று கேட்டாள். எனக்குக் காதில் விழுந்தது கோயில். நாங்களோ வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் இந்தப் பெரிய ஊரில் முதன்முதலாக என்னை ஒருத்தி எங்கேயோ வா என்று கூப்பிடுகிறாள். மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பூவும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சுரேகா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் நைட்டியில் இருந்தாள், கையில் சாக்கு. எனக்கு அப்போதும் புரியவில்லை. போய் நின்ற இடம் கரிக்கடை. இந்தியில் கோய்லா என்றால் கரியாம்.

அன்றைக்குக் கரி மூட்டையின் ஒரு முனையை நானும் பிடித்துத் தூக்கிவந்தேன். புடவை பாழ். சுரேகா அந்தக் கதையைச் சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அவளே வந்து புடவையை வாங்கிப் போய்த் துவைத்துத் தந்தாள். எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். என் மகள் ஷெரின் பிறந்தபோது மூன்று வேளையும் அந்த ஏணியில் இறங்கிவந்தவள்.

அப்படிப்பட்டவளோடு, நான் இட்லிக்கு விறகடுப்பு போட்ட பிறகு பேச்சே நின்றுபோனது. என் வீட்டுக்காரர் பழைய தகரத்தைச் சுருட்டிக் குழாயாக்கி, சுவரில் ஓட்டை போட்டுச் சந்துப் பக்கம் நீட்டிவிட்டிருந்தார். சந்தில் ஒரு குடையை முழுசாக விரிக்க முடியாது. குழாயில் வரும் புகை எங்கே போகும்? சுவரைத் தடவிக்கொண்டே ஏறி சுரேகாவின் ஜன்னலுக்குள் போகும். முதலில் தன்மையாகச் சொன்னாள். பிறகு ஏணியில் நின்று கத்தினாள். அப்புறம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழாயை வெளிச்சுவர் வழியாக மேலே கொண்டுபோகலாம் என்றால், அங்கே கரண்டு வயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. நேராக மேலே ஏற்ற ஒரே வழி, சுரேகாவின் அறையைத் துளைத்துக்கொண்டு போவது. என் வீட்டுக்காரர் ஒருதடவை போய்க் கேட்டும் பார்த்தார்.

"உங்க நெருப்பு என் வீட்டுக்குள்ளேயா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அவளுக்குப் பேரன் பிறந்திருந்த நேரம்.

வீட்டுக்குள்ளேயும் எனக்குச் சண்டைதான். ஷெரின் அந்தேரியில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். எங்களிடம் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியம் இந்திக்குப் போய்விடும். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இதை எழுதிக்கொண்டிருப்பதுகூட அவளுக்கு நான் வாசித்துக் காட்டினால்தான் உண்டு. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது தலைமுடியை மோந்து பார்ப்பாள்.

"அம்மா, ஆபீஸ்ல பக்கத்துல உக்கார்றவ கேட்டா, நீ தினமும் பார்பெக்யூ சாப்பிடுறியான்னு. பந்த் கரோ நா யே சப்."

"நிப்பாட்டிட்டு என்ன செய்ய? ஒன் சம்பளத்துல உக்காந்து திங்கவா?"

தலையில் வாசனைத் தண்ணீரை அடித்துக்கொண்டு போய்விடுவாள்.

3

ஊரில் எங்கள் அம்மாவின் அடுக்களை வீட்டை விட்டுத் தள்ளி இருந்தது. பனையோலைக் கூரை, இரண்டு பக்கம் திறப்பு. புகை யாரையும் கேட்காமல் வெளியே போகும். அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. அவ்வளவு திறப்பு இருந்தும் அம்மா ராத்திரியெல்லாம் இருமுவாள், கண் எப்போதும் சிவந்திருக்கும். ஆனால் புகை என்றால் கண்ணெரியும், இருமும், அவ்வளவுதான் என்று நான் நம்பியது அங்கிருந்து கொண்டுவந்த அறிவு. புகையே தெரியாமல் நெருப்பு ஆளைக் கொல்லும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் ஜூலை மாதம், விடாத மழை. முந்தின நாள் சாயங்காலம் சுவர் ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரர் நீலத் தார்ப்பாயை வெளிப்பக்கம் இழுத்துக் கட்டினார். அது காற்றில் சரிந்து குழாயின் வாயை மூடிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

காலையில் வழக்கம்போல அவித்தேன். கொஞ்சம் புகை உள்ளே சுற்றியது. மழைக்காலத்து ஈர விறகு என்று நினைத்துக்கொண்டேன். அவர் இட்லியை எடுத்துக்கொண்டு போன பிறகு, சாரல் உள்ளே அடிக்கிறதே என்று கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். அடுப்பில் தழல் மட்டும் கனிந்துகொண்டிருந்தது. புகையே இல்லை. அதன்மேல் சாம்பாரை வைத்துவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தேன்.

ஷெரின் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, சிர் பஹூத் துக் ரஹா ஹை" என்றாள்.

"மழையில நனைஞ்சிட்டு வந்தா தலை வலிக்காம என்ன செய்யும்? கொஞ்ச நேரம் படுட்டி."

அவள் படுத்துக்கொண்டாள். எனக்கும் கால் துவண்டது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி, வயிற்றில் ஒன்றுமில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். கத்தரிக்காயை நறுக்குகிறேன், கத்தி எங்கோ தூரத்தில் இருப்பது போலத் தெரிகிறது. சுவரில் சாய்ந்தேன். எழுந்திருக்கவேண்டும் என்ற நினைப்பு இருக்கிறது, உடம்பு கேட்கவில்லை. பயம்கூட வரவில்லை. 

அப்போது கதவு இடிபட்டது.

"ஏ ரோஸி! தர்வாஸா கோல்! பச்சா ஆங்க் நஹி கோல் ரஹா!"

சுரேகாதான். தண்ணீர் பிடிக்கப் போய் அப்போதுதான் திரும்பியிருக்கிறாள். மேலே மருமகள் வாந்தி எடுத்திருக்கிறாள். பேரன் தூங்கியவன் எழுப்பினால் கண் திறக்கவில்லை. என் அடுப்பால்தான் என்று, என்னை இரண்டில் ஒன்று பார்க்க இறங்கி வந்திருக்கிறாள். நான் பதில் சொல்லாததால் ஆத்திரம் அதிகமாகி எட்டி உதைத்தாளாம். தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்தது. உள்ளே நான் சரிந்து கிடந்ததைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்து மழையில் போட்டாள். அடுத்து உள்ளே ஓடி ஷெரினை, அவளைவிட உயரமான பெண்ணை, தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

சண்டை போட வந்தாள். அதனால் நாங்கள் இருக்கிறோம்.

4

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு கட்டிலில் ஷெரின், பக்கத்தில் நான், குழந்தைகள் வார்டில் சுரேகாவின் பேரன். டாக்டர் பெண் இந்தியில் பொறுமையாகச் சொன்னாள். விறகோ கரியோ காற்றுப் போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கனிந்த தழல்தான் இன்னும் ஆபத்து, புகை தெரியாததால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பலகை இடுக்கு வழியாக அது மேல் வீட்டுக்கும் போயிருக்கிறது.

என் வீட்டுக்காரர் விஷயம் தெரிந்து சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்தார். தார்ப்பாயைக் கட்டியது அவர் கை. ஷெரினின் காலைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் மக்கா, நாந்தான்" என்று அழுதார். ஷெரின் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "அப்பா, அழாதீங்க. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். முழுசாகத் தமிழில் சொன்னாள்.

சாயங்காலம் பேரன் கண் திறந்து பாலுக்கு அழுதான் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சுரேகாவின் மகன் போலீசில் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்று வராந்தாவில் நின்று கத்தினான். சுரேகா அவனிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவன் போகவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் கடப்பாரையை எடுத்து அடுப்பை நானே உடைத்தேன். ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்த அடுப்பு எனக்கு எதற்கு? வீட்டில் இட்லி இல்லை, வேலை இல்லை. அவர் வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தில் போகிறவர்கள், "அண்ணே, இன்னைக்கு இட்லி கெடையாதா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவார்.

அப்படி இருந்தபோது ஒரு மத்தியானம் சுரேகா ஏணியில் இறங்கிவந்தாள். உடைந்த செங்கல்லைப் பார்த்தாள். பேச்சு நின்றபின் அன்றைக்குத்தான் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"அடுப்பை உடைக்க நான் எப்போ சொன்னேன்?" என்று இந்தியில் கேட்டாள். "புகையைத்தானே போகச் சொன்னேன்."

"போறதுக்கு வழி இல்லையே, சுரேகா."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எழுந்து ஒரு மூலையைக் கையால் காட்டினாள். "இதுக்கு நேர் மேலே என் சாமி மாடம் இருக்கு. அங்கே கட்டில் கிடையாது, குழந்தை போகாது. அந்த வழியா கொண்டு போ."

சாமி இருக்கிற மூலையில் எங்கள் குழாயா என்று கேட்டேன்.

"தேவ் கா க்யா ஹை, கஹீம் பீ பைட் ஜாதா ஹை" என்றாள். சாமிக்கு என்ன, எங்கே வைத்தாலும் உட்கார்ந்துகொள்ளும். "ஆனா தகரம் கிகரம்னு வந்தே, உன்னையும் சேர்த்துக் கூரைக்கு மேலே அனுப்பிடுவேன்."

5

சுரேகா வாயால் சம்மதித்தால் மட்டும் போதுமா? வார்டு ஆபீசுக்குப் போனேன். ஒரு மேஜையில் இது வீடா கடையா என்று கேட்டார்கள். வீடுதான், ஆனால் இட்லி என்றேன். இட்லி என்றால் அடுத்த மேஜை என்றார்கள். அடுத்த மேஜையில் கூரைக்குமேல் எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டு, முதலில் உங்கள் சால் கமிட்டியிலிருந்து, அதாவது குடியிருப்புச் சங்கத்திலிருந்து, எழுதி வாங்கி வாருங்கள் என்றார்கள். கமிட்டிச் செயலாளர் ரிட்டயரான மனிதர், மராட்டியைத் தவிர வேறு பேச மாட்டார். மாடி வீட்டுக்காரியிடம் "நா ஹரகத்" வாங்கி வா என்றார்.

இந்தியில் ஹரகத் என்றால் சேட்டை, தப்புத்தண்டா. நான் சேட்டை எதுவும் செய்யாதவள் என்று சுரேகா நற்சான்று எழுதித் தரவேண்டும்போல என்று நினைத்து அவளிடம் அப்படியே போய்ச் சொன்னேன். சுரேகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மராட்டியில் ஹரகத் என்றால் ஆட்சேபணையாம். ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும், அவ்வளவுதான்.

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதுறேன். சேட்டை இல்லைன்னு மட்டும் எழுத மாட்டேன்" என்றாள். கரிக்கடைக்குப் பட்டுப்புடவையில் போன கதையை மருமகளுக்கு முதலிலிருந்து சொன்னாள்.

கமிட்டி சரி என்றதும் குழாய் போட்டவர், பம்பாயிலேயே தேவ்நாரிலிருந்து வந்த தங்கராசு, ஹோட்டல்களுக்குப் புகைக்கூண்டு செய்கிறவர், நம்ம ஊர்ப் பக்கத்து ஆள். ஷெரின் போனில் படித்து வைத்திருந்ததையெல்லாம் அவரிடம் கேட்டாள். அவளுக்குத் தமிழில் சொல் வராத இடத்தில் கையால் படம் போட்டாள். அவர் அதைத் தரையில் சாக்பீசால் வரைந்தார். இருவரும் மண்டியிட்டு உட்கார்ந்து பேசியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த அடுப்பை நிறுத்து என்று சொன்ன பெண்தான் அது.

"ஏன் மக்கா இவ்வளவு பாடுபடுத?" என்று பிறகு கேட்டேன்.

"நீ நிப்பாட்ட மாட்டல்ல? ஃபிர் டீக் ஸே ஜலாவோ" என்றாள். எரிப்பதானால் ஒழுங்காக எரி.

தகரத்துக்குப் பதில் கனமான இரும்புக் குழாய். வளைவு இல்லாமல் நேர் மேலே. பலகையைக் கடக்கும் இடத்தில் மரம் குழாயைத் தொடாதபடி அகலமாக வெட்டி, சுற்றிலும் இரும்பு வளையம், இடைவெளியில் தீப்பிடிக்காத பஞ்சு. சுரேகாவின் அறைக்குள் குழாயைச் சுற்றித் தரையிலிருந்து கூரைவரை செங்கல் சுவர், யார் கையும் குழாயில் படாது. கூரைக்குமேல், பக்கத்துக் கூரைகளைவிட உயரமாக ஏற்றி, மழைக்கு ஒரு தொப்பி. கீழே கரியைச் சுரண்டி எடுக்க ஒரு சின்ன மூடி. அடுப்பைச் சிமெண்ட் மேடையில், மர அலமாரியை விட்டுத் தள்ளிக் கட்டினோம். வாசல் கதவின் அடியில் காற்று வரக் கம்பிவலை போட்டோம். அந்த வாயு வந்தால் அலறுகிற ஒரு கருவியை ஷெரின் வாங்கி எங்கள் சுவரில் ஒன்றும், மேலே ஒன்றும் மாட்டினாள்.

முதல் நெருப்பை நான் பற்றவைக்கும்போது சுரேகா மேலே செங்கல் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

"வெதுவெதுன்னு இருக்கு, ரோஸி. புகை இல்லை. வாடைகூட இல்லை."

என் வீட்டுக்காரர் சந்துக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

6

செல்வி, இப்போது நான் எரிப்பது காய்ந்த விறகு மட்டும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் சும்மா கிடைத்தாலும் தொடுவதில்லை. அதன் புகை விஷம். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பதில்லை. எவ்வளவு மழை அடித்தாலும் ஜன்னலில் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். சாம்பலை மூடி போட்ட இரும்பு டப்பாவில் வெளியே வைத்து, நன்றாக ஆறின பிறகுதான் கொட்டுகிறேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளி மணல். நெருப்பு இருக்கும்வரை ஒருத்தர் பக்கத்தில் இருந்தாகவேண்டும். தங்கராசு அவ்வப்போது வந்து குழாயில் படிந்த கரியைத் தட்டிவிட்டுப் போகிறார். தார்ப்பாய் கட்டும் நாளில் நாங்கள் எல்லாரும் வெளியே நின்று பார்க்கிறோம். என்றாவது ஒருநாள் விறகே கூடாது என்று சொல்வார்கள். சொல்லட்டும், அதுவும் நல்லதுதான். கடை லைசென்சுக்கும் அலைந்துகொண்டுதான் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இட்லி கிடையாது, அடுப்பும் கிடையாது. இந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசைக்குப் போக நான் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். மேலே தரையில் கரண்டியால் தட்டும் சத்தம்.

"ரோஸி! ஆஜ் சூல்ஹா க்யூம் நஹி ஜலாயா?"

ஏன் அடுப்பு பற்றவைக்கவில்லை என்று கேட்கிறாள். நான் வெளியே வந்து அண்ணாந்து, இன்றைக்கு ஞாயிறு, சர்ச்சுக்குப் போகிறேன் என்றேன்.

சுரேகா ஏணிமேல் நின்றிருந்தாள், இரண்டு கையிலும் பேரனின் ஈரத் துணிகள். இந்த ஊர் மழையில் எதைத் துவைத்தாலும் நாற்றம்தான் வரும், துணி காயாது. செங்கல் சுவரை விட்டு ஒரு கை தள்ளிக் கொடி கட்டியிருக்கிறாளாம். எங்கள் வெக்கையில் குழந்தையின் துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறதாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். முதல் வாரத்திலிருந்தே என்றாள், ஏதோ எனக்குத்தான் தெரியாமல் போனது மாதிரி.

"உன் சாமி இன்னிக்கு லீவு எடுத்துக்கட்டும். இவனுக்கு மாத்திக் கட்ட ஒரு துணிகூட இல்லை!"

ஷெரின் உள்ளே தலை வாரிக்கொண்டே சிரித்தாள். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து, நாலு குச்சியை அடுக்கிப் பற்றவைத்தேன். நெருப்பை விட்டுவிட்டுப் போகக்கூடாதல்லவா. அது எரிந்து அணைகிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். மணி அடித்துப் பூசை தொடங்கிவிட்டது. அன்றைக்குப் பிரசங்கம் பாதியில்தான் போய் உட்கார்ந்தேன்.